சூரியப் புள்ளியும் சென்னை மழையும்

மேற்குமலை அடிவாரத்துப் பிளவக்கல் அணை நிரம்பாத ஆண்டில் கூமாப்பட்டிப் பக்கம், "பத்து வருசத்துக்கு ஒருக்க இப்படித்தான்" என்று யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். இதே பேச்சுக்கு 1877-இல் புள்ளிவிவரச் சட்டை மாட்டியவர் பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் வில்சன் ஹண்டர். தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம். சென்னையில் 1813 முதல் 1876 வரை பெய்த மழையைச் சூரியப் புள்ளிகளின் பதினோரு ஆண்டுச் சுற்றோடு பொருத்தினார். புள்ளிகள் குறையும்போது மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்றார். வானியலாளர் நார்மன் லாக்யரும் அவர் பக்கம் நின்றார்.

மழை கடிகாரம்போல வந்துபோகிறதா, வெறும் தற்செயலா? அளவீட்டுக் கூடத்தில் இதற்கு விடை எளிது. கருவிக்குள் நுழையும் 50 ஹெர்ட்ஸ் மின்ரீங்காரம், பதிவை நீட்ட நீட்ட அலைமாலையில் (எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் படத்தில்) இரைச்சலுக்கு மேல் ஊசியாக நிமிரும். மழைப் பதிவை நினைத்தபடி நீட்ட முடியாது. ஹண்டர் கையில் இருந்த 64 ஆண்டில் ஆறு சுற்றுகூட முழுதாக அடங்காது.

ஆண்டு மழை தற்செயலாகவே 30 சதவீதம் ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பதினோரு ஆண்டு வரிசையாக மடித்து, கட்டத்துக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டு எனச் சராசரி எடுத்தாலும் 12 சதவீத அலைவு மிஞ்சும். பதினோரு கட்டங்களில் உச்சத்துக்கும் அடிக்கும் இடையே ஏறக்குறைய 40 சதவீத வித்தியாசம் சும்மாவே வந்துவிடும்! பக்கத்துக் கட்டங்களைச் சேர்த்து வழவழப்பாக்கினால் அழகான அலையும் கிடைக்கும். தற்செயல் எண்களின் நகரும் சராசரி அலையாகத் தோன்றும் என்று புள்ளியியலாளர் ஸ்லட்ஸ்கி 1927-இல் காட்டியதும் இதையே.

இந்திய வானிலைத் துறைக்கு 1904-இல் தலைவராக வந்த கணிதர் கில்பர்ட் வாக்கர், 1914-இல் உரைகல்லைத் தந்தார். பல சுற்றுக்காலங்களைத் தேடிப் பெரியதைப் பொறுக்கினால், அத்தனை தேடலில் தற்செயலாகக் கிடைக்கக்கூடிய பெரியதோடுதான் அதை ஒப்பிட வேண்டும். இந்த உரைகல்லில் ஹண்டரின் பதினோரு ஆண்டு தேறுமா என்பது ஐயமே. ஒரே ஊரின் மழைமானியை நம்பியது இன்னொரு குறை. சென்னைக் கணக்கு மேற்குமலை அடிவாரத்துக்கு எப்படிப் பொருந்தும்?

ஆனால் எல்லாமே இரைச்சல் என்று தள்ளிவிடுவதும் சோம்பல்தான். 1877-இல் கடுமையான எல் நினோ இருந்தது. அதனோடு பிணைந்த, வாக்கரே பின்னர் கண்ட தென் அலைவு திரும்பத் திரும்ப வரும். ஆனால் தேதி சொல்லி வராது. இரண்டு ஆண்டிலும் வரும், ஏழு ஆண்டும் ஆகலாம். கடந்தது நிகழ்வதைத் தள்ள, தற்செயல் இடையில் இடிக்கும் இந்த மூன்றாம் வகைக்குப் புள்ளியியலாளர் யூல் 1927-இல் சமன்பாடு தந்தார், சூரியப் புள்ளிகளை வைத்தே. அதை 1931-இல் வாக்கர் டார்வின் நகரின் காற்றழுத்தத்துக்குப் பொருத்தினார். இன்றும் பொறியாளர்கள் இரைச்சலின் அலைமாலையை மதிப்பிட அந்த யூல்–வாக்கர் சமன்பாடுகளையே எடுக்கிறார்கள்.

ஆகவே ஹண்டர் தொகுத்த கணக்குக்கு மதிப்பு உண்டு; அவர் மாட்டிய கடிகாரத்தை இறக்கிவிடலாம். தமிழ் வருடங்களின் அறுபதாண்டுச் சுற்றை நம்புவோருக்கும் ஒன்று: அண்மைய தாது வருடம் 1996-இல் பிறந்தது, அந்த ஜூனில் சென்னை வெள்ளத்தில் நின்றது. ஒற்றை ஆண்டு எதையும் முடிவு செய்யாதுதான். பத்து வருசக் கணக்கு சொல்பவர், பிளவக்கல் அடுத்து வறளும் ஆண்டை இப்போதே எழுதிக் கொடுக்கட்டும்.