பெக்கின் பிள்ளைகள்

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் பெரிய பிளாஸ்கற் என்றொரு தீவு. ஒரு காலத்தில் 170 பேர் வரை வாழ்ந்தார்கள். 1953இல் அரசாங்கம் தீவைக் காலி செய்தபோது எஞ்சியிருந்தவர்கள் 22 பேர். யுத்தம் எதுவும் நடக்கவில்லை. இளசுகள் அமெரிக்கா போனார்கள், அவ்வளவுதான். தார் பூசிய தோணியை வலித்துக் கடல் கடக்க இளந்தோள்கள் வேண்டும். தோள்கள் குறையக் குறைய, கண்ணுக்குத் தெரிகிற கரை எட்டாத கரையாயிற்று. 1947இன் தொடக்கத்தில் ஓர் இளைஞன் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது கொந்தளித்த கடல் வைத்தியரை வரவிடவில்லை. அவன் இறந்த பிறகு, தங்களைக் கரைக்கு மாற்றும்படி தீவு மக்களே கேட்டார்கள்.

இந்தத் தீவிலிருந்து வந்த இரண்டு சுயசரிதைகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் அடுத்தடுத்து வாசித்தேன். ஒன்று தோமஸ் ஓ குரோஹனின் 'தீவுக்காரன்' (1929). மற்றது பெக் சேயர்ஸின் 'பெக்' (1936). விமர்சகர்கள் பொதுவாக முதலாவதைத்தான் உயர்த்திச் சொல்வார்கள். காரணம் விளங்குகிறது. ஓ குரோஹன் மீனவர், தானே எழுதியவர். பிள்ளைகளின் சாவைச் சில வரிகளில் சொல்லிவிட்டு மறுபடி கடலுக்குப் போய்விடுவார். பெக் அப்படியல்ல. அழுவார், கடவுளைக் கூப்பிடுவார், சொன்னதையே சொல்வார். அயர்லாந்தின் பள்ளிக்கூடங்களில் பல தசாப்தங்கள் பாடநூலாக இருந்து, மாணவர்களின் வெறுப்பையும் கேலியையும் சம்பாதித்த புத்தகம் இது.

எனக்கும் முதல் ஐம்பது பக்கங்கள் அலுத்தன. பிறகுதான் ஒன்று பிடிபட்டது. இது எழுதப்பட்ட புத்தகமல்ல, சொல்லப்பட்டது. பெக்குக்குத் தன் தாய்மொழியில் எழுதத் தெரியாது. பிள்ளைகள் ஒவ்வொருவராய் அமெரிக்கா போய்விட, போய்த் திரும்பி வந்த மகன்தான் கேட்டெழுதினார். ஆக, நாங்கள் புலம்பல் என்று தள்ளுகிற ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. திரும்பத் திரும்பச் சொல்வதைக் கலைக்குறைபாடு என்று நான் சொல்லமாட்டேன். கேட்க ஆள் கிடைத்த கிழவியின் பேச்சு அது.

இன்னொன்று, பெக் மண்ணைவிட்டு அகலமாட்டேன் என்ற தாயுமல்ல. இளம்பெண்ணாய் இருந்தபோது அவரும் அமெரிக்கா போகத்தான் காத்திருந்தார். முன்னே போன தோழி பயணக்காசு அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே அவளுடைய கையில் அடிபட்டதால் காசு வரவில்லை. பெக் பேசிச் செய்த கலியாணத்தில் தீவுக்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் அவரைத் தூய அயர்லாந்தின் சின்னமாக்கியவர்கள் இந்த வராத காசை மறந்துவிட்டார்கள்.

நூலில் குறை இல்லாமலில்லை. கடல் கடந்த பிள்ளைகள் விடைபெறுவதோடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறார்கள். எமது புகலிட எழுத்தில் இதே குறை தலைகீழாய் இருக்கிறது. பனியை எழுதினோம், விசாவை எழுதினோம், குசினியை எழுதினோம். ஊரில் விட்டுவந்த தாய் முன்பு கடிதமாக வந்தாள், இப்போது தொலைபேசிக் குரலாக வருகிறாள். அழுகிறாள், எங்களை மன்னிக்கிறாள். அவளுக்கென்று ஒரு பகற்பொழுதை நாங்கள் எழுதிக் கொடுத்தது குறைவு.

வடமராட்சிக் கரையில் எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகள். நாலு பூட்டிக் கிடக்கின்றன, மற்ற மூன்றிலும் வயது போனவர்கள். நான் கோப்பை கழுவி முடித்து அம்மாவுக்கு எடுக்கிற நேரம் அங்கே விடியச்சாமம். "சாப்பிட்டியோ மோனை" என்பா. "ஓம்" என்றுவிட்டு, காசு கிடைத்ததா என்று கேட்பேன். அன்றைக்கு ஆரோடு கதைத்தா என்று ஒருநாளும் கேட்டதில்லை. 'பெக்'கை முடித்த கிழமை கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, பக்கத்து வீட்டு நாய் செத்ததில் தொடங்கி ஒன்றரை மணித்தியாலம் கதைத்தா. சொன்னதையே சொன்னா.

அதில் ஒரு வரியையும் நான் எழுதி வைக்கவில்லை.