வேளாங்கண்ணியில் ஒரு பகல்

வேளாங்கண்ணியைச் சுற்றிப் பார்க்க வண்டி வேண்டாம், கால்களே போதும். பேராலயத்தில் பலரும் மாதாவைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பீடத்தில் பதித்திருக்கும் பீங்கான் தட்டுகளையும் நின்று பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் புயலில் தப்பிக் கரை சேர்ந்த போர்ச்சுக்கீசிய மாலுமிகளின் நன்றிக் காணிக்கை என்பார்கள். 1962இல் இத்தலம் பசிலிக்காவானது. அங்கிருந்து மாதா குளம் வரை மணல் பாதை. முழங்காலால் நகர்ந்து போகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடப்பதே மரியாதை.

மதியத்துக்குக் கடற்கரைப் பக்கம் போய்விட வேண்டும். கடைகளில் மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பூசிய மீன்கள் தட்டில் செக்கச்செவேலென்று அடுக்கியிருக்கும். வஞ்சிரத் துண்டைத்தான் எல்லாரும் கேட்பார்கள். என் ஓட்டு சங்கராவுக்கு. முழு மீனாகக் கீறிப் போட்டால் மசாலா முள் வரை இறங்கும். வாலும் துடுப்போரமும் அப்பளமாக நொறுங்கும், நடுச்சதை மட்டும் வெள்ளையாக நெகிழ்ந்திருக்கும். பூசி வைத்ததிலேயே புதிதாக ஒன்றைக் கண்ணெதிரே பொரித்துத் தரச் சொல்லுங்கள். பொரித்து ஆறியதை மறுபடி எண்ணெயில் போட்டால் அந்த ருசி போச்சு. கூட வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பஸ் ஏறி நாகூர் போனால் வாடா கிடைக்கும். அரிசி மாவில் வெங்காயம் பிசைந்து, மேலே இறாலைப் பதித்து, சூடாகப் பொரித்தெடுப்பது. தர்காவுக்குப் போகிற வழியிலேயே வாங்கித் தின்னலாம்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, கூட்டம் நெரியும். நிதானமாகச் சாப்பிட விரும்புகிறவர்கள் வேறு மாதம் பார்த்து வாருங்கள்.