யாழின் போர்வை

இசைக்கருவியைக் காண்போரின் கண் முதலில் நரம்பின்மேல் செல்லும். பின்னர் அதனை மீட்டும் விரலின்மேல் செல்லும். கருவியின் முதுகை நோக்குவோர் மிகச் சிலர். நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலினைக் கவிழ்த்துப் பார்த்தால், மெல்லிய மரப்பட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டப்பெற்றுக் குடம்போல் வளைந்திருப்பது தெரியும். பட்டிகள் கூடும் வரையை ஒரு கைவினைஞர் மறைப்பார். மற்றொருவர் அதனையே அழகாக எடுத்துக்காட்டுவார். பழைய கருவியொன்றின் முதுகில் வழக்கத்துக்கு மாறான பூச்சு காணப்படின், அஃது அழகுக்கு இட்டதா, பொருத்துவாயை மறைக்க இட்டதா என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

இத்தகைய ஐயத்துக்கு இடந்தரும் பகுதியொன்று பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில் உள்ளது. கரிகால் வளவனைப் பாடிய 248 அடிப் பாட்டு அது. பாடியவர் முடத்தாமக்கண்ணியார். பொருநனின் யாழை உறுப்பு உறுப்பாகக் காட்டும் புலவர், குடத்தின்மேல் போர்த்த தோலுக்கு வந்ததும் சற்றே நிற்கிறார். அத்தோல் விளக்கின் சுடர்போன்ற நிறமுடையது, இழுத்துக் கட்டப்பட்டது, இரண்டு விளிம்புகள் சேரத் தைக்கப்பட்டது. தைத்த வரை, கருவுற்றமை பிறர்க்குப் புலனாகாத இளஞ்சூலையுடைய சிவந்த மேனியாளின் வயிற்றில் ஒழுகும் மெல்லிய மயிரொழுங்கைப் போன்றது என்கிறார்.

இங்குத் தோலைக் குறிக்க வரும் சொல் பச்சை. அதனை நிறப்பெயராகக் கொண்டு, சுடர்நிறம் எவ்வாறு பச்சையாகும் என்று மயங்கும் மாணவர் உளர். அம்மயக்கம் எளிதில் தீரும். உவமையின் நிலை அத்தகையதன்று. வகுப்பறையில் அதனைக் கூச்சத்தோடு கடந்து விடுவதுண்டு. அல்லது 'பெண்ணழகு கூறும் மரபு' என்று ஒரு வரியில் முடித்து விடுவதுண்டு. இரண்டாலும் இழக்கப்படுவது யாழ். பழந்தமிழ் யாழ் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் யாழுறுப்பியல் என ஓர் இயலே வகுத்தபோது, அவருக்கும் இத்தகைய பாட்டடிகளே சான்றாயின. உவமையைத் தள்ளிவிட்டால் கருவியையும் தள்ளிவிட்டவராவோம்.

உவமையை அளவுகோலாகக் கொண்டு நோக்குக. சிவந்த மேனி என்றமையால் நிறம் கிடைக்கிறது. இளஞ்சூல் என்றமையால் வளைவு கிடைக்கிறது: நிறைசூல் போலப் புடைத்ததன்று, தட்டையுமன்று. மயிரொழுங்கு என்றமையால் தையலின் நுண்மையும் நேர்மையும் கிடைக்கின்றன. தையல் என்னும் சொல் பெண்ணையும் உணர்த்தும். புலவர் அச்சொல் விளையாட்டை நாடவில்லை என்பது அவர் கண் கருவியின்மீதே இருந்தது என்பதற்கு ஒரு சான்று.

இனி, தையல் ஏன் வேண்டும்? பறைக்குப் போர்ப்பதுபோல் வாயின்மேல் மட்டும் தோலை இழுத்துக் கட்டினால் இரு விளிம்புகள் கூட வேண்டியதில்லை. குடத்தைப் பொதிந்து சூழப் போர்த்தால்தான் விளிம்புகள் ஓரிடத்தில் சந்திக்கும். புலவரும் பொதிதல் என்னும் சொல்லையே ஆள்கிறார். எனவே அவர் கண்டது முழுதும் தோலுடுத்த குடம் எனக் கொள்வதே பொருந்தும். வேறொரு கைவினைஞர் மறைத்திருக்கக்கூடிய பொருத்துவாயை அவர் வெளிப்படையாகப் பாராட்டுகிறார்.

சுடர்நிறம் தோலின் இயல்பா, ஊட்டிய சாயமா? கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை இதற்கு விடையளிக்கிறது. அங்கும் யாழின் தோல் வருகிறது. பாதிரி மலரைப் பிளந்தால் தெரியும் உட்புறம் அதற்கு உவமை. அத்தோலுக்கு நிறம் ஊட்டப்பட்டது என்று அப்புலவர் வெளிப்படையாகவே சொல்லி விடுகிறார். மலரின் புறத்தை விட்டு அகத்தைத் தேடிச் சென்ற அந்நுணுக்கம் போற்றத்தக்கது. மியன்மாரில் இன்றும் வாசிக்கப்படும் வளைந்த யாழாகிய சவுங், மான்தோல் போர்த்து அதன்மேல் செந்நிற அரக்குப் பூசப்பெறுவது. அதனைக் கண்டவர்க்கு விளக்குச்சுடர் கற்பனையாகத் தோன்றாது.

கேமரன் மலையில், கோலா தெர்லா முதலிய ஊர்களில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே பயிலும் மாணவர் யாழைக் கண்டிலர். ஆயினும் திருவிழாவில் உறுமியைக் கண்டிருப்பர். கயிற்றால் வலித்துக் கட்டிய தோலின் இறுக்கத்தை விரலால் அழுத்தி அறிந்த பிள்ளைக்கு, 'விசித்தல்' என்னும் சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை. ஆசிரியர் உறுமியை வகுப்புக்குக் கொண்டுவந்த பின்னரே பாட்டைத் தொடங்கலாம்.

ஒன்று மட்டும் பாட்டால் தெளியவில்லை. அத்தையல் காண்போர் பக்கம் இருந்ததா, பொருநனின் மார்போடு அணைந்த பக்கம் இருந்ததா? வயிறு என்னும் உவமை முன்புறத்தை நினைப்பிக்கிறது. விளிம்புகளைப் பின்னே கூட்டுதலே வினைஞர்க்கு எளிது. புலவரோ அதற்குள் அடுத்த உறுப்புக்குச் சென்று, போர்வையின் துளைகளை அடைத்த ஆணிகளில் வளைநண்டின் கண்களைக் கண்டுகொண்டிருக்கிறார்.