இசைவிப்பின் வரவும் செலவும்

பேதுரு இயேசுவை மூன்று முறை மறுதலித்தார் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1976-இல் அமெரிக்காவில் வெளிவந்து அந்நாட்டு சுவிசேஷத் திருச்சபைகளில் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய ‘விவிலியத்துக்கான போர்’ என்ற நூலில் ஹெரால்டு லிண்ட்செல் அதை ஆறு முறை ஆக்கினார். சேவல் கூவுமுன் மூன்று தரம் என்று மத்தேயுவும் லூக்காவும் யோவானும் எழுத, சேவல் இரண்டு முறை கூவுமுன் என்று மாற்கு எழுதுகிறார். பேதுருவை மடக்கிக் கேட்டவர்கள் யார் யார் என்பதிலும் நால்வரும் ஒத்துப்போவதில்லை. ஒருவர் எழுதியதும் எள்ளளவும் பிசகக் கூடாது என்றால், முதற்கூவலுக்கு முன் மூன்று, இரண்டாம் கூவலுக்கு முன் இன்னொரு மூன்று என்று கணக்கை நேர்செய்யத்தான் வேண்டும். கணக்கு நேராகிவிட்டது. ஆனால் ஆறு முறை என்று நற்செய்தியாளர் நால்வரில் ஒருவரும் எழுதவில்லை.

விவிலியத்தில் முரண்படுவதுபோலத் தோன்றும் இரண்டு பகுதிகளை, இரண்டும் உண்மையாகும்படி ஒரே நிகழ்ச்சித் தொடராகக் கோக்கும் இந்த வேலையை இசைவிப்பு என்று அழைக்கலாம். விவிலியம் பிழையற்றதா என்ற விவாதம் எங்கே நடந்தாலும், பிழையற்றது என்போர் கையில் எடுக்கும் முதல் கருவி இதுதான். எதிர்த்தரப்பு இதை வெறும் சமாளிப்பு என்று ஒதுக்குகிறது. அது நியாயமான தீர்ப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. தடயத்தைத் தேடிப்போகும் ஆய்வு முறையாக இசைவிப்பு உண்மையான அறிவைத் தந்திருக்கிறது. அதுவே கொள்கையைக் காப்பாற்றும் கடமையாக மாறும்போது, காப்பாற்ற வந்த நூலையே வாசிக்க முடியாமல் செய்துவிடுகிறது.

வரவை முதலில் பார்ப்போம். ஏசாயா நூலின் இருபதாம் அதிகாரம் சர்கோன் என்ற அசீரிய அரசனை ஒரே ஒரு முறை குறிப்பிடுகிறது. 1843-இல் மோசூலில் பிரெஞ்சுத் தூதராக இருந்த போத்தா கோர்சாபாத் மேட்டைத் தோண்டத் தொடங்கும்வரை, அந்த அரசனைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்களுக்கு ஏறக்குறைய எதுவும் தெரியாது. தோண்டியபோது அவனுடைய அரண்மனையே வெளிப்பட்டது. தானியேல் நூலின் பெல்ஷாத்சார் கதையும் இத்தகையதே. பாபிலோனின் கடைசி அரசன் நபோனிதுஸ் என்று கிரேக்க எழுத்தாளர்கள் தந்த பட்டியல்கள் சொல்ல, தானியேல் அரசன் என்று அழைக்கும் பெல்ஷாத்சார் வெறும் கற்பனை என்று சிலர் முடிவுகட்டினர். நபோனிதுஸின் ஆப்பெழுத்துச் சாசனங்கள் அவனுடைய மகன் பெல்ஷாத்சாரைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. தானியேல் நூல் அவனை நேபுகாத்நேச்சாரின் மகன் என்கிற சிக்கல் இதனால் தீர்ந்துவிடவில்லை என்றாலும், முரண்பாடு என்று அவசரமாகத் தீர்ப்பெழுதுவதற்கு முன் பொறுத்திருக்க வேண்டும் என்ற பாடத்தை மறுக்க முடியாது.

இவற்றைவிடச் சிறந்த சான்று, எபிரேய அரசர்களின் காலவரிசையை ஆராய்ந்த எட்வின் தீலேயின் உழைப்பு. யெகூ கலகம் செய்து இஸ்ரவேலின் யோராமையும் யூதாவின் அகசியாவையும் கொன்றதால், இரு நாடுகளிலும் புதிய ஆட்சி ஏறக்குறைய ஒரே நாளில் தொடங்குகிறது. அங்கிருந்து இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா விழும்வரை இராஜாக்கள் நூல் தரும் ஆட்சி ஆண்டுகளைக் கூட்டினால், வடநாடான இஸ்ரவேலுக்கு 143 ஆண்டும் சில மாதங்களும் வருகின்றன. தென்னாடான யூதாவுக்கு ஏறத்தாழ 165 வருகின்றன. அசீரியக் காலக்கணக்கோ அந்த இடைவெளி சுமார் 120 ஆண்டுதான் என்கிறது. 1951-இல் வெளியான நூலில் தீலே இதற்கு மூன்று விளக்கங்கள் தந்தார். அரியணை ஏறிய ஆண்டைச் சில அரசவைகள் முதலாண்டாக எண்ணின, சில எண்ணவில்லை. ஆண்டுப் பிறப்பு இரு நாடுகளிலும் வெவ்வேறு மாதங்களில் வந்தது. தந்தையும் மகனும் சேர்ந்து ஆண்ட ஆண்டுகள் இருவர் கணக்கிலும் ஏறின. இவற்றில் ஒன்றும் முரண்பாட்டை மூடுவதற்காக ஆகாயத்திலிருந்து பிடித்த ஊகமல்ல. பண்டை மேற்காசியாவில் வழங்கிய ஆண்டுக்கணக்கு முறைகளையும் அசீரிய ஆண்டுப் பட்டியலையும் உரைகல்லாக வைத்து எவரும் சரிபார்க்கக்கூடியவை. பிற்காலத்தார் பல விவரங்களைத் திருத்தினாலும், எபிரேய அரசர்களின் காலவரிசையை எழுத வருகிற எவரும் இன்றும் தீலேயோடு வாதிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எசேக்கியாவின் ஆட்சியை ஓசெயாவின் ஆட்சியோடு இணைக்கும் குறிப்புகள் தம் கணக்கில் பொருந்தாதபோது, அவை பிற்காலத் தொகுப்பாளரின் தவறு என்று தீலே வெளிப்படையாக எழுதினார். தோற்கவும் தயாராக இருந்ததால்தான் அவருடைய வெற்றிகளை நம்ப முடிகிறது.

கொள்கைக் காவலாக நடக்கும் இசைவிப்பில் இல்லாதது இந்தத் தயார்நிலைதான். 1978 அக்டோபரில் சிகாகோவில் கூடிய சுவிசேஷத் தலைவர்கள் வெளியிட்ட பிழையின்மை அறிக்கை, இத்துறையில் மிகக் கவனமாக எழுதப்பட்ட ஆவணம். முழு எண்ணாக்கிச் சொல்வதும், நிகழ்ச்சிகளைப் பொருள் கருதி முன்பின்னாக அடுக்குவதும், கண்ணுக்குத் தோன்றியபடி இயற்கையை வருணிப்பதும் பிழையாகா என்று அது ஒப்புக்கொள்கிறது. இதுவரை நியாயமே. அடுத்து இரண்டு அரண்களை எழுப்புகிறது: பிழையின்மை மூலப்பிரதிகளுக்கே முழுமையாகப் பொருந்தும், இன்னும் தீர்க்கப்படாத முரண்பாடுகள் கொள்கையைப் பாதிக்கா. மூலப்பிரதிகளில் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ஆக, தீர்ந்த சிக்கல் கொள்கைக்குச் சான்றாகிறது, தீராத சிக்கல் எதிர்காலத்துக்குத் தள்ளப்படுகிறது, அதற்கும் அடங்காதது தொலைந்த பிரதியின்மேல் ஏற்றப்படுகிறது. எந்தத் தடயம் வந்தாலும் தோற்க முடியாத வழக்கை வென்றதாக எப்படிச் சொல்வது?

மூலப்பிரதி என்ற வாதமே பொய் என்று இதற்குப் பொருளில்லை. அகசியா அரசனானபோது வயது இருபத்திரண்டு என்கிறது இராஜாக்களின் இரண்டாம் நூல். நாளாகமத்தின் எபிரேயப் பாடம் நாற்பத்திரண்டு என்கிறது. அவனுடைய தந்தை இறந்தது நாற்பது வயதில் என்று அதே நாளாகமம் முந்தைய அதிகாரத்தில் சொல்லியிருப்பதால், மகன் தந்தைக்கு இரண்டு வயது மூத்தவனாகிறான். படியெடுத்தவரின் கை பிசகியது என்பதே இங்கே பொருத்தமான விளக்கம். ஆனால் இது எண் பிசகிய இடத்துக்குப் பொருந்தும் மருந்து. ஓர் ஆசிரியர் தெரிந்தே வேறுவிதமாக எழுதிய இடத்துக்குப் பொருந்தாது.

விவிலியத்தில் கனமான முரண்பாடுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. இயேசு சிலுவையில் அறையப்பட்ட நாளை எடுத்துக்கொள்ளலாம். மாற்கு நற்செய்தியில் சீடர்கள் பஸ்கா ஆட்டுக்குட்டி அடிக்கப்படும் நாளில் விருந்துக்கு ஆயத்தம் செய்கிறார்கள், இயேசு அன்றிரவு அவர்களோடு பஸ்கா உண்கிறார், மறுநாள் சிலுவை. யோவான் நற்செய்தியிலோ, சிலுவை நாளின் காலையில் யூதத் தலைவர்கள் இன்னும் பஸ்கா உண்ணவில்லை. தீட்டுப்பட்டால் உண்ண முடியாதே என்று பிலாத்துவின் மாளிகைக்குள் நுழைய மறுக்கிறார்கள். பஸ்காவுக்கு ஆயத்தம் செய்யும் நாளின் நண்பகலில் தீர்ப்பு வருகிறது. ஆயத்த நாள் என்றால் வெறுமனே வெள்ளிக்கிழமை என்றும், அங்கே பஸ்கா என்பது திருவிழா வாரத்தின் வேறோர் உணவு என்றும் இசைவிப்போர் விளக்கினர். கும்ரானில் வாழ்ந்த யூதக் குழுவினரின் சூரிய நாட்காட்டியை இயேசு பின்பற்றியிருக்கலாம் என்று 1957-இல் ஆனி ஜோபேர் வாதிட்டார். அறிவார்ந்த ஊகம்தான் என்றாலும் நற்செய்திகளில் அதற்கு ஆதாரமில்லை.

இந்த விளக்கங்கள் எல்லாம் வென்றாலும் நாம் இழப்பது என்ன என்பதே என் கேள்வி. யோவான் தம் முதல் அதிகாரத்திலேயே இயேசுவை உலகின் பாவத்தைச் சுமக்கும் ஆட்டுக்குட்டி என்று அறிமுகப்படுத்துகிறார். ஆலயத்தில் பஸ்கா ஆடுகள் அடிக்கப்படும் அதே பிற்பகலில் அவரை இறக்கச் செய்கிறார். பஸ்கா ஆட்டின் எலும்பை முறிக்கலாகாது என்ற யாத்திராகம விதியை, முறிக்கப்படாத கால்களைச் சொல்லும்போது நினைவூட்டுகிறார். முதல் அதிகாரத்தில் விதைத்தது பத்தொன்பதாம் அதிகாரத்தில் விளைகிறது. நாளைச் சரிக்கட்டி மாற்குவோடு ஒட்டவைத்த அந்த நிமிடமே, யோவான் இவ்வளவு பாடுபட்டுக் கட்டியது வெறும் தற்செயலாகிவிடுகிறது. மாற்குவுக்கும் நட்டமே: அவருடைய இராவுணவு பஸ்கா விருந்தாக இருப்பதில்தான் அதன் பொருள் தங்கியிருக்கிறது. தாவீதின் குடிமதிப்பும் இப்படித்தான். மக்களை எண்ணத் தூண்டியது கர்த்தருடைய கோபம் என்று சாமுவேலின் இரண்டாம் நூல் சொல்ல, அதே கதையைப் பின்னாளில் திரும்ப எழுதிய நாளாகம ஆசிரியர் சாத்தான் என்று மாற்றுகிறார். கடவுள் சாத்தானை அனுமதித்தார் என்று ஒரே வரியில் முடிச்சவிழ்த்துவிடலாம். தீமைக்குக் கடவுளைக் காரணமாக்க ஒரு தலைமுறைக்குக் கூச்சம் வந்துவிட்டது என்ற அரிய செய்தி அந்த ஒரு வரியின் அடியில் புதைந்துபோகும்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று. ஓரிடத்தில் பிழை என்று ஒத்துக்கொண்டால் எந்த இடத்தை நம்புவது? இந்தக் கேள்வியின் விலையை 1854 ஏப்ரலில் ஆக்ராவில் காண முடிந்தது. ஜெர்மானிய மிஷனரி பாண்டரும் இஸ்லாமிய அறிஞர் ரஹ்மத்துல்லா கைரானவியும் இரண்டு நாள் பொதுமேடையில் வாதிட்டனர். கைரானவிக்குத் துணையாக நின்ற மருத்துவர் வசீர் கான் ஐரோப்பியர் எழுதிய விவிலியத் திறனாய்வு நூல்களைக் கரைத்துக் குடித்திருந்தார். படியெடுத்தோரின் பிழைகள் சில இடங்களில் உண்டு, அவை போதனையைத் தொடுவதில்லை என்று பாண்டர் ஒத்துக்கொண்டார். எந்தப் பாட அறிஞரும் சொல்லக்கூடிய சாதாரண உண்மை அது. ஆனால் மேடையில் அது சரணாகதியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இரு தரப்பும் ஒரே அளவுகோலை ஏற்றதன் விளைவு இது: இறைவாக்கு என்றால் எழுத்து எழுத்தாகப் பிசகாதிருக்க வேண்டும். ஒரு பிழையில் மொத்தமும் விழும் என்ற நிபந்தனையை நூலின்மேல் சுமத்தியவர் அதன் பகைவர் மட்டுமல்ல. வேறெந்தப் பண்டைய நூலையும் நாம் இப்படி நடத்துவதில்லை. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஓரிடத்தில் தவறினார் என்பதற்காக நீரோவே இருந்ததில்லை என்று எவரும் சொல்வதில்லை.

இசைவிப்புதான் திருச்சபையின் மரபு, அதை விடுவது நவீனர்களுக்குப் பணிவது என்பது அடுத்த மறுப்பு. பாதி உண்மை. அகுஸ்தீனார் சுமார் கி.பி. 400-இல் நற்செய்தியாளரின் ஒத்திசைவு பற்றித் தனி நூலே எழுதினார். 1537-இல் இசைவிப்பைக் கடுமையின் எல்லைக்குக் கொண்டுபோன ஆண்டிரியாஸ் ஓசியாண்டர், யவீருவின் மகள் ஒரு முறைக்கு மேல் உயிர்பெற்று எழுந்தாள் என்ற முடிவுக்குத் தள்ளப்பட்டார். (கோப்பர்நிக்கஸின் நூலுக்கு, இதை உண்மை என்று கொள்ள வேண்டாம், கணக்குக்கு உதவும் கருதுகோளாகக் கொள்க என்று பெயரில்லாமல் முன்னுரை எழுதியவரும் இவரே. வானத்துக்குக் காட்டிய தாராளத்தை யவீருவின் வீட்டுக்குக் காட்டவில்லை.) மரபின் மற்றப் பாதியும் உண்டு. நற்செய்திகளை எழுத்துப்படி வாசித்தால் ஒத்துவராத இடங்கள் உள்ளன என்று ஓரிஜென் மூன்றாம் நூற்றாண்டிலேயே ஏற்று, அவற்றின் உண்மையை ஆன்மிகப் பொருளில் தேடினார். சிறு வேறுபாடுகள் இருப்பதே நால்வரும் கூடிப் பேசி எழுதவில்லை என்பதற்குச் சான்று என்றார் கிறிசோஸ்தம். சகரியாவின் வாக்கை எரேமியா பெயரில் மத்தேயு தருவதைப் பார்த்த கால்வின், பெயர் தவறாக நுழைந்துவிட்டது என்று எழுதிவிட்டு, எப்படி நுழைந்தது என்று ஆராய்வதில் பெரிதாக மெனக்கெடாமல் கடந்துபோனார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மீட்புக்காக இறைவன் எழுதுவிக்க விரும்பிய உண்மையை விவிலியம் பிழையின்றிக் கற்பிக்கிறது என்று தன் வாசகத்தை அமைத்துக்கொண்டது.

இன்னும் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. கி.பி. 170-ஐ ஒட்டித் தத்தியான் நான்கு நற்செய்திகளையும் பின்னி ஒரே கதையாக்கினார். முரண்பாடே இல்லாத அந்த நூல் சிரியத் திருச்சபைகளில் பல தலைமுறை வழிபாட்டில் இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் தியோதொரேத்து ஆயர் தம் மறைமாவட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட படிகளை அகற்றி, அவ்விடங்களில் தனித்தனியான நான்கையும் வைத்தார். தத்தியான் மீதிருந்த திரிபுக்கொள்கைப் பழியும் அதற்குக் காரணம்தான். இருந்தாலும் இறுதியில் நிலைத்தது நான்கு. இசைந்த ஒன்றைக் கையில் வைத்திருந்த திருச்சபை இசையாத நான்கைத் தேர்ந்தது.

எதிர்த்தரப்பையும் சும்மா விடுவதற்கில்லை. முரண்பாடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கும் பட்டியல்காரர்கள், எண் பிசகையும் கருத்து மோதலையும் ஒரே எடையில் நிறுத்துகிறார்கள். எஸ்றாவிலும் நெகேமியாவிலும் வரும் நாடு திரும்பியோர் பட்டியல்களைப் பாருங்கள். இரண்டும் மொத்தம் 42,360 என்கின்றன. உள்ளே தரும் தொகைகளைக் கூட்டினால் ஒன்றில் 29,818, மற்றதில் 31,089. பட்டியல்காரருக்கு இது வெற்றி, இசைவிப்பாளருக்கு வேலை. இந்தத் தொகுப்பாளர்கள் கைக்கு வந்த ஆவணங்களைத் தங்கள் வசதிக்கு வளைக்காமல் அப்படியே வைத்திருக்கலாமோ என்ற, வரலாற்றுக்கு உண்மையிலேயே பயன்படும் கேள்வியை இருவரும் கேட்பதில்லை.

மைக்கேல் லிக்கோனா 2017-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இழுபறியிலிருந்து வெளியேற ஒரு வழி காட்டியது. பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஒரே நிகழ்ச்சியைத் தம் வெவ்வேறு வாழ்க்கை வரலாறுகளில் வெவ்வேறாகச் சொல்வதை அவர் ஒப்பிட்டுக் காட்டினார். காலத்தைச் சுருக்குவதும், ஒருவர் பேச்சை இன்னொருவர் வாயில் வைப்பதும் அன்றைய எழுத்தாளருக்கு இயல்பு. சிகாகோ அறிக்கையின் காவலர்களோ, மத்தேயுவின் ஒரு சிறு பகுதியை நேரடி வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை என்று அவர் முன்பே எழுதியதற்காகக் கடுமையாகக் கண்டித்திருந்தார்கள். உயிர்த்தெழுதலை நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆதரித்து வாதிட்டவருக்கே இந்த நிலை.

என் தீர்ப்பு இது. புறச்சான்றைத் தேடிப்போய், கிடைக்காத இடத்தில் கிடைக்கவில்லை என்று சொல்லும் இசைவிப்பு தொடரட்டும். பெல்ஷாத்சாரும் எபிரேய அரசர்களும் அதற்குக் கடன்பட்டவர்கள். நான்கு நூல்களைக் கரைத்து, எவரும் எழுதாத ஐந்தாவதைக் காய்ச்சும் இசைவிப்பைக் கைவிடலாம். அதை விடுவதற்கு நம்பிக்கையை விட வேண்டியதில்லை. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரு முறை மாற்கு நற்செய்தியை, மற்ற மூன்றையும் மூடிவைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே அமர்வில் வாசியுங்கள்.