கூடும் லூமெனும் கூடாத வெளிச்சமும்

எல்.இ.டி. டார்ச் விளக்கின் ஒளியைக் கூட்டுவதற்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் வழிகள் மூன்று. பெரிய எல்.இ.டி.யைப் பொருத்துவது, மின்னோட்டத்தைக் கூட்டுவது, ஆற்றல் மிகுந்த லித்தியம் மின்கலத்தைப் போடுவது. இவை பொய்யான வழிகளல்ல. ஆனால் டார்ச்சை வெறும் லூமென் எண்ணிக்கையாகவே பார்க்கும் வழிகள். இருட்டில் நடப்பவருக்குத் தேவை அந்த எண்ணிக்கைதானா?

அமெரிக்காவின் மாக்லைட் டார்ச்சை எடுத்துக்கொள்வோம். தடித்த அலுமினியக் குழாய், பெரிய டார்ச் செல்கள், தலைப்பகுதியைத் திருகினால் ஒளிக்கற்றையைக் குவிக்கவும் விரிக்கவும் கூடிய குழியாடி. 1979இல் இது விற்பனைக்கு வந்தபோது உள்ளே இருந்தது இழை பல்பு. பின்னாளில் பல்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் எல்.இ.டி. பொருத்துவது பலருக்கும் பிடித்தமான கைவேலையாயிற்று. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும். குழியாடி அதற்காகவே வடிவமைக்கப்பட்டது. எல்.இ.டி. முன்புறமாகவே ஒளி வீசும். அது குவியத்தில் சரியாக அமராவிட்டால், சுவரில் விழும் வட்டத்தின் நடுவே கருமை தெரியும்.

அடுத்தது வெப்பம். இழை பல்பு தன் வெப்பத்தில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிர்களாக வீசிவிடும். எல்.இ.டி. அப்படிச் செய்வதில்லை. அதன் வெப்பம் பின்புறம் வழியாக, உலோகத்தைத் தொட்டுத்தான் வெளியேற வேண்டும். அலுமினியம் காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் பல்பின் இடத்தில் செருகப்பட்ட எல்.இ.டி.க்கும் அந்தத் தடித்த குழாய்க்கும் இடையே இருப்பது பெரும்பாலும் காற்றுதான். மின்னோட்டத்தைக் கூட்டக் கூட எல்.இ.டி. சூடேறும், சூடேற ஏற ஒளி குறையும், ஆயுளும் குறையும்.

பெரிய எல்.இ.டி.யால் டார்ச் தொலைவுக்கு அடிக்கும் என்பது இன்னொரு தவறான எண்ணம். கற்றையின் நடுச்செறிவை முடிவு செய்பவை இரண்டு: ஒளிரும் பரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு பிரகாசமாக உள்ளது என்பதும், குழியாடியின் வாய் எவ்வளவு அகலம் என்பதும். அதே பிரகாசமுள்ள, ஆனால் நான்கு மடங்கு பரப்புள்ள எல்.இ.டி.யைப் பொருத்தினால் லூமென் நான்கு மடங்காகும். வெளிச்ச வட்டமும் நான்கு மடங்கு விரியும். எட்டும் தூரமோ அப்படியே இருக்கும்! வீட்டு முற்றத்துக்கு இது நல்லது. வயலின் மறுகோடியைப் பார்ப்பதற்குப் பயனில்லை. அதற்கு, குழியாடியின் விட்டத்தை இரு மடங்காக்கினால் தூரமும் இரு மடங்காகும்.

நம் கண்ணும் இந்தக் கணக்குக்கு ஒத்துழைப்பதில்லை. ஹார்வர்டு உளவியலறிஞர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1957இல் எடுத்துரைத்த விதியின்படி, ஒளி இரு மடங்காகத் தோன்றுவதற்கு உண்மையில் அது ஏறத்தாழ எட்டு மடங்காக வேண்டும்.

இனி, பெட்டிகளின் மேல் அச்சிடும் எண்களுக்கு வருவோம். ஒற்றை 18650 மின்கலம் கொண்ட டார்ச்சுக்கு 10,000 லூமென் என்று போடுகிறார்கள். வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு வாட்டுக்கு 125 லூமென் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 80 வாட் தேவை. 3.6 வோல்ட்டு மின்கலத்திலிருந்து அதைப் பெற 22 ஆம்பியர் ஓட வேண்டும். அவ்வகையில் மிகச் சிறந்த மின்கலத்தின் கொள்ளளவு சுமார் 3,500 மில்லிஆம்பியர்-மணி. அதில் அடங்கிய ஆற்றல் முழுவதும் பத்து நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். அதற்குள் வெளியாகும் வெப்பம் ஏறக்குறைய 48 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டைக் கையில் பிடிப்பதற்குச் சமம்! இதே மின்கலத்தின் மேல் 9,900 என்று கொள்ளளவு அச்சிட்டிருந்தால் அதையும் கடையிலேயே விட்டுவிடலாம்.

இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கவே 2009இல் அமெரிக்காவில் எஃப்.எல்.1 என்ற தரநிர்ணயம் வந்தது. வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடமே, அதாவது ஏறத்தாழ முழுநிலவு தரும் ஒளியளவே, டார்ச் எட்டும் தூரம் என்று அது வரையறுத்தது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் லூமென் அளவு, விளக்கைப் போட்ட முதல் இரண்டு நிமிடத்துக்குள் எடுக்கப்படுகிறது. எரியும் நேரமோ ஒளி பத்தில் ஒரு பங்காக மங்கும்வரை எண்ணப்படுகிறது. ஆகவே மூன்றாம் நிமிடத்தில் பாதியாக மங்கிவிடும் டார்ச்சும் தன் பெரிய எண்ணை நேர்மையாகவே அச்சிட்டுக்கொள்ளலாம். இந்தச் சலுகை தயாரிப்பாளருக்கு வசதி, வாங்குபவருக்கு இல்லை.

பயன்தரும் திருத்தங்களும் உண்டு. எஃகுச் சுருள்வில்லின் தடை 0.05 ஓம் என்றால், 3 ஆம்பியர் ஓடும்போது 0.15 வோல்ட்டு அங்கேயே வீணாகும். மின்கலத்தை நேரடியாக எல்.இ.டி.யோடு இணைத்த டார்ச்சில் இது சிறிய இழப்பல்ல. வில்லின் இரு முனைகளையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்தால் அது பெரிதும் குறையும். எல்.இ.டி.யின் அடித்தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே உலோகத் தொடர்பும் மெல்லிய வெப்பப் பசையும் இருந்தால், கிடைக்கும் ஒளி நிலைத்து நிற்கும். மின்முனைகளைச் சுத்தமாகத் துடைப்பதற்குச் செலவே இல்லை.

மின்தடையை எடுத்துவிட்டு நேரடியாக இணைக்கும் யோசனையை மட்டும் மாணவர்கள் பின்பற்ற வேண்டாம். எல்.இ.டி.யில் வோல்ட்டு சிறிது ஏறினாலே மின்னோட்டம் பன்மடங்கு பாயும். பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் மின்கலம் அந்த ஓட்டத்தைத் தடுக்காது. அளவு மீறிச் சூடேறினால் மூடிய குழாய்க்குள்ளேயே தீப்பற்றும்.