ஜான் ஃபிளாக்ஸ்மனின் கிரேக்கக் கோட்டுச்சித்திரங்கள்

ஜான் ஃபிளாக்ஸ்மனின் கிரேக்கக் கோட்டுச்சித்திரங்கள் (1793 – 1817) ஹோமரின் இலியட், ஒடிசி, எஸ்கிலஸின் நாடகங்கள், ஹெசியடின் காவியங்கள் ஆகியவற்றுக்காக ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் (ஜூலை 6, 1755 – டிசம்பர் 7, 1826) வரைந்த படவரிசைகள். செப்புத்தகட்டில் பொறித்து அச்சிடப்பட்டவை. நிழலும் வண்ணமும் பின்னணியும் பெரும்பாலும் இல்லாமல், உருவங்களின் புறக்கோட்டை மட்டும் கொண்டவை. 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய வாசகர்கள் கிரேக்கத் தொன்மங்களை எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதைப் பெரிதும் தீர்மானித்தவை. ஹோமரின் துயரத்தையும் அமைதியையும் ஆழமாக உணர்த்திய இப்படங்கள் ஹோமரின் போர்க்களத்தைக் காட்டத் தவறியவை.

பின்னணி

ஃபிளாக்ஸ்மன் யார்க் நகரில் பிறந்தார். தந்தை லண்டனில் சாந்துவார்ப்புச் சிலைகள் செய்து விற்றவர். கிரேக்க, ரோமானியச் சிலைகளின் வார்ப்புகளுக்கு நடுவே ஃபிளாக்ஸ்மன் வளர்ந்தார். 1775 முதல் ஜோசையா வெட்ஜ்வுட்டின் பீங்கான் தொழிற்சாலைக்குப் புடைப்புருவங்கள் வடித்துக் கொடுத்தார். ஹோமர் தெய்வநிலை அடைவதைக் காட்டும் 1778-ஆம் ஆண்டின் புடைப்புருவம் அவற்றில் புகழ்பெற்றது. சர் வில்லியம் ஹாமில்டன் சேகரித்த கிரேக்க மண்கலம் ஒன்றின் ஓவியத்தை ஒட்டி அது செய்யப்பட்டது.

ஃபிளாக்ஸ்மனின் முறைக்கு இந்தத் தொழில் அனுபவமே அடிப்படை. பீங்கானில் ஒட்டும் புடைப்புருவத்துக்கு ஆழம் கிடையாது. உருவங்கள் பக்கவாட்டில், ஒரே தளத்தில், ஒன்றையொன்று அதிகம் மறைக்காமல் நிற்கவேண்டும். கிரேக்க மண்கலத்தின் ஓவியமும் அதே விதியைக் கொண்டது. ஃபிளாக்ஸ்மன் 1787-ல் ரோமுக்குச் சென்று 1794 வரை அங்கே தங்கினார். கோட்டுச்சித்திரங்களில் பெரும்பகுதியை அங்கே வரைந்தார்.

பதிப்புகள்

இலியட், ஒடிசி வரிசைகளை ஜார்ஜியானா ஹேர் என்ற ஆங்கிலப் பெண்மணி ஃபிளாக்ஸ்மனிடம் கேட்டு வரையச் செய்தார். ரோமில் தொமாஸோ பிரோலி அவற்றைச் செப்புத்தகட்டில் பொறித்தார். 1793-ல் இரண்டும் வெளிவந்தன. எஸ்கிலஸ் வரிசை 1795-ல் வந்தது. லண்டனில் லாங்மன் நிறுவனம் 1805-ல் இலியடை மேலும் சில படங்களுடன் வெளியிட்டது. புதிய படங்களில் மூன்றைப் பொறித்தவர் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக். ஹெசியட் வரிசை 37 படங்களுடன் 1817-ல் வெளிவந்தது. அதன் படங்கள் முழுவதையும் பிளேக் பொறித்தார்.

இவை இன்றைய பொருளில் படங்கள் கொண்ட கதைநூல்கள் அல்ல. காவியத்தின் முழுப் பாடம் இவற்றில் இல்லை. ஹோமர் படங்களின் அடியில் அலெக்ஸாண்டர் போப்பின் ஆங்கில மொழியாக்கத்திலிருந்து ஓரிரு வரிகள் மட்டும் இருந்தன. கதை தெரிந்தவருக்காக வரையப்பட்ட படங்கள் இவை.

கோட்டின் முறை

அக்காலச் செப்புத்தகட்டு ஓவியத்தில் பொறிப்பவரின் பெரும்பாலான உழைப்பு நிழலுக்கே செலவாகும். குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமாகக் கோடுகளை வெட்டி, உடலின் திரட்சியையும் வெளிச்சத்தையும் உருவாக்க மாதக்கணக்கில் ஆகும். ஃபிளாக்ஸ்மன் அந்த வேலையை முற்றாக விலக்கினார். ஓர் உடல் எங்கே முடிகிறது என்பதை மட்டும் சொல்லும் கோடு போதும் என்று கருதினார்.

அதற்குக் கருத்தியல் பின்புலமும் இருந்தது. ஃபிளாக்ஸ்மன் பிறந்த 1755-ஆம் ஆண்டில்தான் ஜெர்மானிய அறிஞர் விங்கல்மன் கிரேக்கக் கலையின் சாரம் எளிமையும் அமைதியும்தான் என்று வாதிடும் தன் கட்டுரையை வெளியிட்டார். ஃபிளாக்ஸ்மனின் கோடு அந்த வாதத்தின் காட்சி வடிவம் எனலாம்.

ஆனால் ஃபிளாக்ஸ்மன் மண்கலத்திலிருந்து எதை எடுத்தார், எதை விட்டார் என்பது முக்கியமானது. கிரேக்க மண்கலத்தில் செம்மண் நிறமும் அடர்கருப்பும் மோதுகின்றன. உருவம் இருளிலிருந்து எழுகிறது, அல்லது இருளே உருவமாகிறது. ஃபிளாக்ஸ்மன் கோட்டை எடுத்துக்கொண்டு கருப்பை விட்டுவிட்டார். எஞ்சியது வெள்ளைத்தாள்.

இலியட் படங்கள்

இலியட் ஒரு போர்க்காவியம். அதில் சாவு பொதுவாகச் சொல்லப்படுவதில்லை, உடலுறுப்பு சுட்டிச் சொல்லப்படுகிறது. ஐந்தாம் காண்டத்தில் டயோமிடீஸ் எறிந்த ஈட்டி பாண்டரஸின் கண்ணருகே மூக்கில் பாய்ந்து, பற்களைக் கடந்து, நாக்கை அடியோடு அறுத்து மோவாயின் கீழ் வெளிவருகிறது. இத்தகைய சாவுகள் காவியம் முழுக்க வருகின்றன. கொல்லப்படுபவனின் ஊர், தந்தை, வீட்டில் காத்திருப்பவர் என ஒரு வரி சொல்லிவிட்டே ஹோமர் அவனைக் கொல்கிறார்.

ஃபிளாக்ஸ்மனின் படங்களில் இந்தப் போர் இல்லை. பெட்ரோகுலஸின் உடலுக்கான சண்டை பதினேழாம் காண்டத்தில் வருகிறது. கொழுப்பு ஊறிய மாட்டுத்தோலை நாலாபக்கமும் நின்று இழுப்பவர்களுக்கு வீரர்களை ஒப்பிடுகிறார் ஹோமர். அந்த உவமையில் வியர்வையும் பிசுக்கும் இருக்கின்றன. ஃபிளாக்ஸ்மனின் படத்தில் அதே சண்டை கோவில் சுவரின் புடைப்புச்சிற்ப வரிசைபோல ஒழுங்கு கொள்கிறது. கைகளும் கால்களும் ஒன்றுக்கொன்று இயைந்து வளைகின்றன. பார்ப்பவர் அழகை உணர்கிறார், ஆபத்தை உணர்வதில்லை.

அக்கிலீஸ் ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுத்துச் செல்லும் படமும் அப்படியே. அந்த உடலைத் தெய்வங்கள் சிதையாமல் காத்தன என்று ஹோமரே பின்னர் சொல்கிறார். ஃபிளாக்ஸ்மனுக்குச் சார்பாக அதைக் காட்டலாம். ஆனால் இழுத்துச் செல்லும் கணத்தில் ஹோமர் காட்டுவது புழுதியையும், அதில் புரளும் கூந்தலையும், முன்பு அழகாக இருந்த தலையையும். அந்தப் புழுதிக்கு ஃபிளாக்ஸ்மனின் கோட்டில் இடமில்லை.

இலியட் வரிசையின் உச்சம் போருக்கு வெளியே இருக்கிறது. இறந்த ஸர்பிடானைத் துயிலும் சாவும் சுமந்து அவனுடைய லிசியா நாட்டுக்குக் கொண்டுசெல்லும் படம் அது. சிறகுள்ள இரு உருவங்களுக்கு நடுவே உடல் காற்றில் மிதக்கிறது. எடையில்லாத கோடு இங்கே குறையாகத் தெரியவில்லை. போர்க்களத்தின் பாரம் நீங்கி உடல் வீடு திரும்புகிறது என்ற உணர்வை அதுவே அளிக்கிறது. கோட்டைச்சுவரில் ஆண்ட்ரமாக்கி மயங்கிவிழும் படமும் இவ்வகையில் சிறந்தது.

ஒடிசி படங்கள்

ஒடிசி ஃபிளாக்ஸ்மனின் இயல்புக்கு நெருக்கமானது. பயணம், விருந்து, காத்திருத்தல், அடையாளம் காணுதல் ஆகியவையே அக்காவியத்தின் பெரும்பகுதி. பந்து எறியும் நௌசிகா, டெமொடொக்கஸின் பாடலைக் கேட்டு அழும் ஒடிசியஸ், கிழட்டு நாயின் முன் நிற்கும் ஒடிசியஸ், வடுவை வைத்து எஜமானனை அறியும் செவிலி யூரிக்ளியா ஆகிய படங்களில் சைகை ஒன்றே கதையைச் சொல்கிறது. பேருருவனான பாலிஃபீமஸுக்கு ஒடிசியஸ் மது கொடுக்கும் படத்தில் அளவு வேறுபாடு மட்டுமே அச்சத்தை உருவாக்குகிறது.

பெனலோப்பியை மணக்க வந்தவர்களை ஒடிசியஸ் கொல்லும் படத்தில் பழைய சிக்கல் திரும்புகிறது. ஹோமரில் ஆண்டினவுஸ் கோப்பையை உயர்த்தும்போது தொண்டையில் அம்பு பாய்கிறது. மூக்கிலிருந்து இரத்தம் பீறிடுகிறது, கால் மேசையை உதைக்கிறது, உணவு தரையில் சிதறுகிறது. படத்தில் இரத்தம் இல்லை. ஆனால் கொல்லப்பட்டவர்களின் ஆவிகளை ஹெர்மீஸ் பாதாளத்துக்கு நடத்திச் செல்லும் படம் மிகச்சிறந்தது. நிழலற்ற, எடையற்ற புறக்கோடு ஆவிகளுக்கு முற்றிலும் பொருந்துகிறது. உயிருள்ளவர்களும் இறந்தவர்களும் இந்த முறையில் ஒரே பொருளால் ஆனவர்கள். அதனால்தான் இறந்தவர்கள் வரும் இடங்களில் படங்கள் உண்மையாகின்றன.

தாந்தே படங்களுடன் ஒப்பீடு

இம்முறையின் எல்லையை ஃபிளாக்ஸ்மனின் தாந்தே வரிசையில் தெளிவாகக் காணலாம். ரோமில் தாமஸ் ஹோப்புக்காக அவர் தெய்வீக நாடகத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். தூய்மைத்தலப் பகுதியில் தாந்தேயின் உடல் மட்டும் நிழல் விழச்செய்கிறது. வழிகாட்டி வர்ஜிலுக்கு நிழல் இல்லை. தாந்தே திடுக்கிடுகிறார். உயிருக்கும் சாவுக்குமான வேறுபாட்டை அந்த நிழலே காட்டுகிறது. யாருக்குமே நிழல் விழாத ஒரு பாணியால் அதைச் சொல்லமுடியாது.

1861-ல் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே நரகப்பகுதிக்கு வரைந்த படங்கள் இதற்கு நேரெதிரானவை. அவை மரக்கட்டையில் செதுக்கப்பட்டவை. இருளே அவற்றின் முதன்மைப் பாத்திரம். டோரே சில இடங்களில் மிகையாக நாடகத்தன்மை கொள்கிறார். ஆனால் நரகம் இருண்டது என்ற எளிய உண்மையை அவரால் காட்டமுடிந்தது.

ஹெசியட் படங்கள்

ஹெசியட் வரிசையில் பொறிப்புமுறை மாறுகிறது. பிளேக் கோட்டைத் தொடர்ச்சியாக வெட்டாமல் புள்ளிகளாக உடைத்துப் பொறித்தார். உறுதியான புறக்கோடே கலையின் உயிர் என்று 1809-ல் எழுதியவர் பிளேக். அவரே இங்கே கோட்டை மெலியவைத்தார். விளைவாக, படங்கள் பென்சில் வரைவின் மென்மையைப் பெற்றன. பொற்காலத்தின் மனிதர்களுக்கும் பாண்டோராவுக்கும் அந்த மென்மை துணைசெய்கிறது. தெய்வங்களுக்கும் டைட்டன்களுக்கும் நடக்கும் போரில் அது வலுவைக் குறைக்கிறது.

எதிர்வினைகள்

ஜெர்மானிய விமர்சகர் ஏ.டபிள்யூ. ஷ்லெகல் 1799-ல் அதெனேயம் இதழில் ஃபிளாக்ஸ்மனைப் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். முழுமையாகத் தீட்டப்பட்ட ஓவியம் கண்ணை நிறைத்துவிடுகிறது, வெறும் கோடு கவிதையின் சொல்லைப்போலக் குறிப்புணர்த்தி நிற்கிறது, மீதியைப் பார்ப்பவரின் கற்பனை நிரப்புகிறது என்பது அவர் வாதம். அதே ஆண்டில் கதே இப்படங்களின் எளிமையைப் பாராட்டினார். ஆனால் கலையை மேலோட்டமாக ரசிப்பவர்களுக்கு ஃபிளாக்ஸ்மன் ஆதர்சமாக ஆனது இயல்பே என்றும் கூறினார்.

ஷ்லெகலின் வாதம் ஹோமரை முன்பே அறிந்த வாசகருக்கு முற்றிலும் பொருந்தும். அவருடைய நினைவில் புழுதியும் இரத்தமும் உள்ளன. கோடு அவற்றைத் தூண்டுகிறது. ஹோமரை வாசிக்காதவரிடம் கோடு தூண்டுவதற்கு எதுவும் இல்லை. அவருக்கு அந்த வெண்மையே கிரேக்கமாகிறது.

பரவல்

நிழல் இல்லாததால் இப்படங்களைப் படியெடுப்பது எளிது. ஜெர்மனியில் ரீப்பன்ஹவுசனும் பிரான்ஸில் ரெவெய்லும் இவற்றை மீண்டும் பொறித்தனர். கோயா, ஜெரிக்கோ போன்ற ஓவியர்கள் ஃபிளாக்ஸ்மனைப் பார்த்து வரைந்தனர். ஆங்ரின் 'ஜூபிடரும் தெட்டிஸும்' (1811) ஓவியத்தில் ஃபிளாக்ஸ்மனின் செல்வாக்கு உண்டு. 1816-ல் மோரிட்ஸ் ரெட்ஷ் கதேயின் ஃபௌஸ்டுக்கு வரைந்த கோட்டுச்சித்திரங்கள் இம்முறையை ஜெர்மனியில் பரப்பின. 1870-களின் இறுதியில் ஆல்ஃபிரட் சர்ச் இளம் வாசகர்களுக்காக எழுதிய ஹோமர் கதைகள் ஃபிளாக்ஸ்மனின் படங்களுடன் வந்தன. கதை தெரிந்தவருக்காக வரையப்பட்ட படங்கள் நூற்றாண்டின் இறுதிக்குள் கதை தெரியாத குழந்தைகளின் கைக்கு வந்துவிட்டன.

இதே காலத்தில் பண்டைய கிரேக்கம் வெண்மையானது அல்ல என்ற சான்றுகள் பெருகின. 1814-ல் பிரெஞ்சு அறிஞர் குவாட்ரமேர் த குவின்சி கிரேக்கச் சிலைகளில் பொன், தந்தம், வண்ணம் ஆகியவற்றின் இடத்தைப் பற்றிப் பெருநூல் எழுதினார். ஆனாலும் பொதுவாசகரின் கற்பனையில் வெண்ணிறக் கிரேக்கமே நீடித்தது.

தஞ்சாவூர்ப் புடைப்புச்சிற்பம்

ஃபிளாக்ஸ்மனின் ஒரு படைப்பு தமிழகத்தில் உள்ளது. இரண்டாம் சரபோஜி மன்னர் தன் ஆசிரியரும் பாதுகாவலருமான மதப்பணியாளர் சுவார்ட்ஸின் நினைவாக ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்குப் புடைப்புச்சிற்பம் செய்வித்தார். தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய தேவாலயத்தில் அது உள்ளது. மரணப்படுக்கையில் இருக்கும் சுவார்ட்ஸின் கையை மன்னர் பற்றியிருக்கும் காட்சி அது. கிடக்கும் உடல், அதை நோக்கிக் குனிபவர், சுற்றி நிற்பவர்கள் என்னும் அமைப்பு ஹோமர் வரிசையின் துயரக் காட்சிகளில் பழகியது. ஃபிளாக்ஸ்மனின் கலை எதில் வலுவானது என்பதை அச்சுப்படங்களைக் காணாதவரும் அங்கே உணரலாம்.

மதிப்பீடு

நூல் சித்திரம் மூலத்தின் எல்லாவற்றையும் காட்டவேண்டியதில்லை. தேர்ந்தெடுப்பதே அதன் வேலை. ஃபிளாக்ஸ்மன் ஹோமரிலிருந்து துயரம், உறக்கம், காத்திருத்தல், வீடுதிரும்புதல் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தார். அவற்றில் அவருக்கு இணையான நூல் சித்திரக்காரர்கள் குறைவு. ஆனால் ஹோமரின் துயரம் ஹோமரின் வன்முறையிலிருந்து எழுவது. ஹெக்டரின் தலை புழுதியில் புரண்டதனால்தான் ஆண்ட்ரமாக்கி மயங்கிவிழுகிறாள். முதலாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் காணும் வாசகர் போரை அழகான துயரமாக மட்டுமே அறிய நேர்கிறது.

இப்படங்களை ஹோமருக்கு மாற்றாகக் கொள்ளாமல், ஹோமரை வாசித்தபின் பார்ப்பதே சரியான வழி. வாசகரின் நினைவு கோடுகளுக்குள் இரத்தத்தை நிரப்பும்போது, ஸர்பிடானைச் சுமந்து செல்லும் அந்தப் படம் ஐரோப்பிய நூல் சித்திரக்கலையின் சாதனைகளில் ஒன்றாக ஆகிறது.