கோரியோ யாருக்குத் தகப்பன்?

பல்ஸாக்கின் ‘தந்தை கோரியோ’ (1835) நாவலில், சேமியா வியாபாரியான கிழவர் தன் இரு பெண்களுக்காகச் சொத்தெல்லாம் கரைத்து, மனைவி நினைவாக வைத்திருந்த வெள்ளிப் பாத்திரத்தையும் நெளித்து விற்று, பாரிஸில் ஒரு மலிவு விடுதியில் செத்துப்போகிறார். அடக்கத்துக்குப் பெண்கள் வரவில்லை. அவர்கள் வீட்டு வெறும் வண்டிகள் மட்டும் கல்லறைவரை வருகின்றன. பல்ஸாக் இவரைக் கிறிஸ்துவாக்குகிறார். அதுதான் எங்களுக்கு உறுத்துகிறது.

கோரியோ பணம் சேர்த்தது எப்படி? புரட்சிக்காலப் பஞ்சத்தில் மாவைப் பத்து மடங்கு விலைக்கு விற்று. பல்ஸாக் இதை மறைக்கவில்லை. வாசிக்கிற நாங்கள்தான் கண்ணீரில் மறந்துவிடுகிறோம். ஊரார் பிள்ளைகளின் பசியில் தன் பிள்ளைகளுக்குச் சீதனம் சேர்த்தவர் அவர். கிறிஸ்துவோ, தாயும் சகோதரரும் வெளியே காத்து நின்றபோது, சுற்றியிருந்தவர்களையே தன் உறவென்று காட்டியவர்.

நாவலில் அந்த வழியில் நடப்பவர்கள் ரஸ்தினியாக்கும் பியான்ஷோனும். ஒருவன் சட்டம் படிக்க வந்தவன், மற்றவன் மருத்துவ மாணவன். இரத்த உறவில்லாத கிழவருக்கு மலசலம் துடைக்கிறார்கள், மணிக்கூட்டை அடகு வைக்கிறார்கள்.

‘எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்’ என்று சொல்லித்தான் நாங்களும் கோப்பை கழுவுகிறோம். அதே பிள்ளைகளைச் சாட்டி, விசா இல்லாத புதுப்பெடியனின் வேலைநேரத்தைப் பறித்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள்.